கீழே கிளினிக், மேலே வீடு

கல்யாணமாகி மண்ணூர்பேட்டைக்கு வந்த நாளிலிருந்து என் புடவையில் ஸ்பிரிட் வாசம் போனதில்லை. கீழே என் கணவரின் கிளினிக். மேலே எங்கள் வீடு. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மாடிப்படி, அதுவும் கிளினிக்குக்கு உள்ளேயே இறங்குகிற படி. பால் வாங்கப் போனாலும், ரயிலைப் பிடிக்க ஓடினாலும், பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற நோயாளிகளைத் தாண்டித்தான் போக வேண்டும். கணவரிடம் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பிய இரண்டு தடவையும் பெஞ்சிலிருந்து யாராவது, "இன்னா டாக்டரம்மா, ஊருக்கா?" என்று கேட்டுவிட்டார்கள். "இல்ல, சும்மா கடைக்கு" என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கே போய்த் திரும்பி வந்தவள் நான்.

நானும் டாக்டர்தான். ஆனால் நோயாளியைத் தொட்டுப் பார்க்கிற டாக்டர் இல்லை. நகரத்து அரசு மருத்துவமனை ஒன்றின் ஆய்வகத்தில், கல்லீரல் நோய்ப் பிரிவில் வேலை. அம்பத்தூர் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறி, பெண்கள் பெட்டியில் பூக்கூடைகளுக்கும் டிபன் பாக்ஸ்களுக்கும் நடுவில் நசுங்கி, காலை ஒன்பதுக்குள் போய்ச் சேர வேண்டும். அதன் பிறகு நாள் முழுக்க ரத்தக் குழாய்களோடு குடித்தனம். மாமியார் தம் உறவுக்காரர்களிடம் என்னை, "அவ ரத்தம் பாக்கறவ" என்று அறிமுகப்படுத்துவார். கை பார்க்கிறவள், ஜாதகம் பார்க்கிறவள் வரிசையில் நானும் சேர்ந்துவிட்டேன்.

கல்லீரலை நான் தேடிப் போகவில்லை. அந்தப் பிரிவில்தான் இடம் காலி இருந்தது. போன பிறகு பிடித்துப்போயிற்று. அழுத்தமான உறுப்பு அது. இதயம் போலப் படபடக்காது, வயிறு போலப் புலம்பாது. பாதிக்கு மேல் கெட்டுப்போன பிறகும் வாயைத் திறக்காமல் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். அந்தக் குணம் எனக்கும் இருந்ததால்தான் பிடித்ததோ என்னவோ.

எண்பதுகளில் எங்கள் பக்கம் ஊசி போடாத டாக்டரை யாரும் டாக்டர் என்றே மதிக்க மாட்டார்கள். மாத்திரை எழுதிக் கொடுத்தால், "அவ்ளோதானா சார்?" என்று நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்துத் தொழிற்பேட்டையில், அதாவது எஸ்டேட்டில், ஷிஃப்ட் விட்டதும் எங்கள் வாசலில் சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். எல்லாருக்கும் வேண்டியது தெம்பு ஊசி. சிவப்பாக இருக்குமே, பி-காம்ப்ளெக்ஸ், அது. இடுப்பில் போட்டுக்கொண்டு, தேய்த்துவிட்டுக்கொண்டே வெளியே போனால் அடுத்த வாரம் முழுக்க மிஷின் முன்னால் நிற்கத் தெம்பு வந்துவிடும் என்று நம்பிக்கை.

கூட்டம் அதிகம் என்பதால் என் கணவர் ஒரு வழி வைத்திருந்தார். அவர் மட்டுமல்ல, அந்தக் காலத்தில் நான் அறிந்த டாக்டர்கள் பலரும் அப்படித்தான் செய்தார்கள். பத்து மில்லி கண்ணாடி சிரிஞ்சை மருந்தால் நிரப்பிக்கொள்வார். ஓர் ஆளுக்கு இரண்டு மில்லி. அடுத்த ஆளுக்கு ஊசியை மட்டும் கழற்றிவிட்டு, கொதிக்க வைத்த புது ஊசியை மாட்டுவார். சிரிஞ்சு அதேதான். ஒரு சிரிஞ்சுக்கு ஐந்து ஆள். புது மருமகளாக இருந்த காலத்தில் சனிக்கிழமைகளில் நானும் கீழே இறங்கி, இடுக்கியால் ஊசியை எடுத்து மாட்டி, சிரிஞ்சை அவர் கையில் கொடுத்திருக்கிறேன். ஊசியை மாற்றுகிறோமே, எவ்வளவு சுத்தம் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமைகூட. நுண்ணுயிரியலில் மேல்படிப்புப் படித்தவள் நான். வீட்டு வாசலைத் தாண்டியதும் படித்ததெல்லாம் எங்கே போகிறதோ தெரியவில்லை.

அப்போதுதான் என் பேராசிரியருக்கு ஒரு யோசனை வந்தது. மஞ்சள் காமாலையில் பி வகை என்று ஒன்று உண்டு. ரத்தத்தின் வழியாகப் பரவும் வைரஸ். பெரியவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் தானாகவே போய்விடும். சிலருக்கு மட்டும் போகாமல் தங்கி, வருஷக்கணக்கில் கல்லீரலைத் தின்னும். பார்வைக்கு ஆரோக்கியமாக இருக்கிற உழைப்பாளிகளிடம் அது எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும், ஒரு வருஷ இடைவெளியில் இரண்டு தடவை ரத்தம் எடுக்க வேண்டும் என்றார். "உங்க வீட்டுப் பக்கம்தானேம்மா எஸ்டேட்? அங்கேயே எடு" என்று என் தலையில் கட்டினார்.

எனக்குச் சிரமமே இருக்கவில்லை. "நம்ம டாக்டரு சம்சாரம்" என்றதும் எல்லாரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார்கள். முதல் ஆளாகக் கையை நீட்டியவர் ஒரு டர்னர். லேத் பட்டறையில் வேலை. முப்பது வயது இருக்கும். நெட்டையான ஆள், அழுத்தி வாரிய தலை. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் குடியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடகர் குழுவில் பாடுகிறவர். பீடி, சிகரெட், குடி எதுவும் கிடையாது. ஒரே ஒரு கெட்ட பழக்கம் எங்கள் கிளினிக்கின் தெம்பு ஊசி. சனிக்கிழமை தவறாமல் வருவார். ரத்தக் குழாய்களை நான் ஐஸ் பெட்டியில் கண்டபடி அடுக்குவதைப் பார்த்துவிட்டு, "இன்னா டாக்டரம்மா, பாட்டில் கடை மாரி வச்சிகினு கீறீங்க" என்று கேலி செய்தார். அடுத்த வாரமே கழிவு அலுமினியத்தில் வரிசையாகத் துளை போட்டு ஒரு ஸ்டாண்டு செய்துகொண்டு வந்துவிட்டார். ஒவ்வொரு துளையின் விளிம்பும் கண்ணாடி உரசாதபடி வழவழவென்று இருந்தது.

முதல் வருஷத்து ரத்தமும் இரண்டாம் வருஷத்து ரத்தமும் சேர்ந்த பிறகு பரிசோதனையை முடித்தோம். குழாய்களில் பெயர் இருக்காது, எண்தான். எந்த எண் யாருடையது என்கிற பதிவேடு என்னிடம் மட்டும். ஒரு மத்தியானம், ஆய்வகத்தில் கரன்ட் போய் மின்விசிறி நின்றிருந்த நேரம். வேர்வையைத் துடைத்துக்கொண்டு முதல் தடவை சுத்தமாக இருந்து இரண்டாம் தடவை வைரஸ் வந்திருந்த எண்களைத் தனியாக எழுதினேன். பிறகு அவர்கள் நிரப்பிக் கொடுத்த படிவங்களை எடுத்தேன். "கடந்த ஒரு வருடத்தில் எங்கே ஊசி போட்டுக்கொண்டீர்கள்?" என்று ஒரு கேள்வி வைத்திருந்தேன். நானே சேர்த்த கேள்வி அது.

ஒவ்வொரு தாளிலும் ஒரே பதில். ஒருவர் என் கணவரின் பெயரை எழுதியிருந்தார். ஒருவர் "மேல்மாடி ஊட்டு டாக்டரு" என்று எழுதச் சொல்லியிருந்தார். டர்னரின் தாளில் அவரே அழகான கையெழுத்தில், "நமது டாக்டர், வாராவாரம்" என்று எழுதியிருந்தார்.

ஊசியை மாற்றினோம், சிரிஞ்சை மாற்றவில்லை. குத்தி எடுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் சிரிஞ்சுக்குள் ஏறினால் போதும், பின்னால் நிற்கிற நாலு பேருக்கும் அது போய்விடும். அந்தச் சிரிஞ்சை எத்தனை சனிக்கிழமை நான் என் கையால் கொடுத்திருக்கிறேன்? எண்ணிப் பார்க்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னேன். சாப்பிட்டு முடிக்கும் வரை பொறுத்திருக்கலாம். பொறுக்க முடியவில்லை.

"இடுப்புலதானே போடறேன். ரத்தம் எப்படி சிரிஞ்சுக்குள்ள வரும்?" என்றார்.

"வருது. படிவத்தை வேணா பாருங்க."

"எங்க சீஃப் இப்படித்தான் போட்டாரு. அவரு கையால நானே போட்டுக்கிட்டிருக்கேன்."

"அப்ப உங்களுக்கும் பாக்கணும்."

பார்த்தேன். அவருக்கு இல்லை, எனக்கும் இல்லை. அது நல்ல சேதியாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ, நாங்கள் இருவர் மட்டும் தப்பித்துவிட்டோமே என்று அவமானமாக இருந்தது. அவர் கெட்டவர் இல்லை. பூந்தமல்லி பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்களை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வரிசையை விட்டு முன்னால் கூப்பிட்டுப் பார்க்கிறவர். அடுத்த சனிக்கிழமையே ஆளுக்கு ஒரு சிரிஞ்சு என்று மாற்றிவிட்டார். இரண்டு ஸ்டவ்வில் இரண்டு பாத்திரங்கள் கொதித்தன. வரிசை மெதுவாக நகர்ந்தது. "இன்னா சார், இன்னிக்கு ரொம்ப நேரம் ஆவுது?" என்று முணுமுணுத்தார்கள். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

சொல்லாமல் இருக்க எனக்கு வசதியான காரணங்கள் இருந்தன. ஆய்வுக்கு எடுத்த ரத்தத்தின் முடிவை அவரவரிடம் சொல்கிற வழக்கம் அப்போது எங்கள் பிரிவில் இல்லை. மருந்து இல்லாத நோயைச் சொல்லி ஒருவரைப் பயமுறுத்துவானேன் என்பார் பேராசிரியர். ஒருவரிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. கிளினிக்கை மூட வேண்டும், வீட்டை விட்டுப் போக வேண்டும், போகும்போதும் அந்தப் பெஞ்சைத் தாண்டித்தான் போக வேண்டும். கட்டுரை எழுதும்போது "அப்பகுதியின் தனியார் மருத்துவ நிலையங்கள்" என்று எழுதினேன். "எந்த கிளினிக்?" என்று பேராசிரியர் கேட்டார். "நிறைய இருக்கு சார்" என்றேன். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்த வரியின் கீழே இருந்த எழுத்துப் பிழையைத் திருத்தினார். கட்டுரைக்கு நல்ல பெயர் கிடைத்தது. பதவி உயர்வும் அதை வைத்துத்தான் வந்தது. அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன்.

அடுத்த வருஷம் ஒருநாள் டர்னர் படியேறி வந்தார், கையில் கேக் டப்பா. "கர்த்தர் கண்ணத் தொறந்துட்டாரு டாக்டரம்மா. ஊட்டுல முழுகாம கீது" என்றார். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து முதல் குழந்தை. மனிதர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாத முகத்தோடு நின்றார். நான் கேக்கை வாங்கிக்கொண்டு, "ரொம்ப சந்தோஷம்" என்றேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். கணவனிடமிருந்து மனைவிக்கு இந்த வைரஸ் போகலாம். மனைவியிடமிருந்து, பிறக்கும்போதே, குழந்தைக்குப் போகலாம். பெரியவர்கள் உடம்பு உதறித் தள்ளிவிடும் அந்த வைரஸ், பச்சைக் குழந்தையின் உடம்பில் அநேகமாக ஆயுசுக்கும் தங்கிவிடும். ஆனால் தடுக்க வழி இருந்தது. பிறந்த அன்றே தடுப்பூசி போட்டு, பிறகு இரண்டு தவணை போட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். அந்தத் தடுப்பூசி அப்போது ஊரில் எளிதாகக் கிடைக்காது. எங்கள் ஆய்வகத்தில் வேலை செய்கிறவர்களுக்கென்று வெளிநாட்டிலிருந்து வந்து ஃப்ரிட்ஜில் இருந்தது. என் பங்கு மருந்தும் அதில் இருந்தது.

டர்னரின் மனைவிக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்திருக்கலாம். "எதுக்கு?" என்று கேட்பாளே என்று செய்யவில்லை. மாசக் கணக்கில் மனசுக்குள் வாக்கியங்களை ஒத்திகை பார்த்தேன். ரயிலில் உட்கார்ந்து பார்த்தேன், சமையலறையில் நின்று பார்த்தேன். எந்த வாக்கியத்தில் ஆரம்பித்தாலும் அது சுற்றி வந்து எங்கள் மாடிப்படியில்தான் முடிந்தது.

குழந்தை அம்பத்தூரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் பிறந்தது. பெண். சேதி கிடைத்த அன்று ஆய்வகத்திலிருந்து ஒரு குப்பி மருந்தை ஐஸ் போட்ட ஃப்ளாஸ்கில் வைத்து எடுத்துக்கொண்டு நேராக அங்கே போனேன். இன்றைக்குப் போட்டுவிடுவது, காரணத்தைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று தீர்மானம். அறையில் டர்னர் இருந்தார், அவருடைய அக்கா இருந்தாள். என் கணவரும் இருந்தார். குடும்ப டாக்டர் என்று வரவழைத்து, குழந்தையை முதலில் அவர் கையில்தான் கொடுத்திருக்கிறார்கள்.

"குழந்தைக்கு ஒரு தடுப்பூசி கொண்டாந்திருக்கேன்" என்றேன்.

அக்காக்காரி குழந்தையை வெடுக்கென்று தன் பக்கம் வாங்கிக்கொண்டாள். "ஊசியா? பொறந்து பொழுது கூட சாயலியே, பச்ச புள்ளைக்கு இன்னாத்துக்கு ஊசி?"

கட்டிலில் படுத்திருந்த தாய் என்னையே பார்த்தாள். டர்னர் சமாதானமாக, "இரு அக்கா. டாக்டர் சாரு கீறாரு இல்ல? அவரு சொன்னா போடலாம்" என்று என் கணவரைப் பார்த்தார்.

எல்லாரும் அவரைப் பார்த்தோம். அவர் என்னைப் பார்த்தார். போடுங்கள் என்று அவர் சொன்னால், ஏன் என்ற கேள்வி வரும். வேறு எந்தக் குழந்தைக்கும் போடாத ஊசி இந்தக் குழந்தைக்கு மட்டும் ஏன்? அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இப்ப ஒண்ணும் அவசரமில்ல" என்றார்.

நான் பேசியிருக்க வேண்டும். என் படிப்பு முழுக்க அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இருந்தது. வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டிருந்தவள் மாதிரி நின்றேன். பிறகு, "ஆமா, அவசரமில்ல. சும்மா புள்ளையைப் பாக்கத்தான் வந்தேன்" என்று சொல்லி, குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். நாளைக்குப் போகலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அதையேதான் நினைத்தேன். ஒரு வாரத்துக்குப் பிறகு நினைப்பதையும் விட்டுவிட்டேன். அந்த மருந்துக்கு முதல் நாள்தான் முக்கியம் என்பது எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு வருஷங்கள் போயின. எனக்கு எல்லாம் ஏறுமுகம். ஆறு மாசப் பயிற்சிக்கு வெளிநாடு போனேன். அங்கே, வேறொருவரின் கல்லீரலை வயிற்றில் வைத்துத் தைத்துக்கொண்ட ஒரு மனிதர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து ஆப்பிள் சாப்பிடுவதைக் கண்ணால் பார்த்தேன். அழுகையே வந்துவிட்டது. அங்கேயே இருந்துவிடுகிறாயா என்று கேட்டார்கள். இரண்டு நாள் தூக்கமில்லாமல் யோசித்தேன். அங்கே மாடிப்படி கிடையாது, பெஞ்சு கிடையாது. ஆனால் எண்களும் பெயர்களும் இருந்த பதிவேடு மண்ணூர்பேட்டையில் என் பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருந்தது. திரும்பி வந்தேன். திரும்பி வந்ததில் தியாகம் ஒன்றுமில்லை, விட்டுவிட்டுப் போகவும் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

அந்தப் பெண் குழந்தை எங்கள் கண் முன்னால் வளர்ந்தது. ரெட்டை ஜடையோடு பள்ளிக்கூடம் போகும். என்னைப் பார்த்தால் "குட்மார்னிங் டாக்டரம்மா" என்று சாயங்காலத்திலும் சொல்லும். நான் அதன் கண்ணின் வெள்ளையைத்தான் பார்ப்பேன், மஞ்சள் தட்டுகிறதா என்று. ஒரு தடவைகூட அந்தக் குழந்தையை வெறும் குழந்தையாக என்னால் பார்க்க முடிந்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் டர்னருக்கு வயிறு வீங்க ஆரம்பித்தது. கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் பானை. கல்லீரல் சுருங்கிப்போய்விட்டது. ஒருநாள் பட்டறையிலேயே ரத்த வாந்தி எடுத்தார். நானே ஆட்டோவில் ஏற்றி எங்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ஊர் அப்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டது. கல்லீரல் கெட்டால் குடி. வேறு காரணம் எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. "பாட்டு பாடினு சாமியாராட்டம் இருந்தாரு, திருட்டுத்தனமா ஊத்திகினு இருந்திருக்காரு பாரேன்" என்று எங்கள் பெஞ்சிலேயே பேசினார்கள். நான் படியில் இறங்கி வந்ததும் பேச்சு நின்றது. நானும் நின்றேன். பிறகு ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டேன்.

மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்பை எடுத்து வைக்கலாம் என்று சட்டம் வந்திருந்த சமயம். நகரத்தில் கல்லீரல் மாற்று அறுவைக்கு ஒரு குழு தயாராகிக்கொண்டிருந்தது. ரத்தப் பரிசோதனைகளுக்கு என்னையும் அதில் சேர்த்திருந்தார்கள். டர்னரின் பெயரை நான்தான் குழுவில் சொன்னேன். எப்படியாவது அவருக்கு ஒரு கல்லீரல் கிடைத்துவிட்டால் எல்லாவற்றையும் நேர் செய்துவிடலாம் என்று பைத்தியக்கார நம்பிக்கை. அவரிடம் சொன்னபோது கட்டிலில் படுத்தபடியே கும்பிட்டார். "உங்கள கர்த்தரு எங்க தெருவுல கொண்டாந்து வச்சதே இதுக்குத்தான்" என்றார். நான் சலைன் பாட்டிலைச் சரி செய்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

குழு கூடிய அன்று என் அறிக்கையை நானே வாசிக்க வேண்டியிருந்தது. பி வகை வைரஸ், ரத்தத்தில் மும்முரமாகப் பெருகிக்கொண்டிருக்கிறது. புதுக் கல்லீரல் வைத்தாலும் அது திரும்ப வந்து அதையும் தின்றுவிடும். அன்றைக்கு எங்கள் கையில் அதை அடக்குகிற மருந்து இல்லை. அறுவை நிபுணர் மேஜை மேலிருந்த தாளைத் திருப்பிவிட்டு, "அடுத்தது?" என்றார். அவர்மேல் தப்பில்லை. கிடைக்கிற ஒன்றிரண்டு கல்லீரலை அது நிலைத்து நிற்கிற உடம்புக்குத்தான் கொடுக்க முடியும். டர்னருக்கு இருந்த ஒரே கதவைச் சாத்திய தாளில் என் கையெழுத்து இருந்தது.

அவர் மண்ணூர்பேட்டையில், தன் வீட்டிலேயே இறந்தார். அடக்கத்தின்போது பாஸ்டர், மனிதன் பலவீனமானவன், நமக்குத் தெரியாத சோதனைகளில் விழுகிறவன் என்று பேசினார். கூட்டத்தில் எல்லாருக்கும் என்ன சொல்கிறார் என்று புரிந்தது. அவர் மனைவி தலையைக் குனியவில்லை, நிமிர்ந்து நின்றாள். நான்தான் குனிந்துகொண்டேன்.

டர்னர் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே அந்த அம்மாளின் ரத்தத்தைப் பார்த்திருந்தோம். அவளுக்கும் வைரஸ் இருந்தது. மகளுக்கும் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். ஒரு மாசம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை, சர்ச் முடிந்து, மகளை இட்டுக்கொண்டு கிளினிக்குக்கு வந்தாள். கூட்டமில்லாத நேரம். என் கணவர் மேஜையில் இருந்தார். நான் குழந்தையை ஸ்டூலில் உட்கார வைத்து, கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டாக்டரம்மா, ஒரு ஒத்தாச பண்ணணும்" என்றாள். "நீங்க படிச்சவங்க. அவரு குடிக்கலன்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க. பாஸ்டர் கிட்ட குடுக்கணும். ஸ்கூல்ல கூட இவளாண்ட உங்க அப்பா குடிகாரனான்னு கேக்கறாங்களாம்."

"அவர் குடிக்கல" என்றேன்.

"அது எனக்குத் தெரியுமே. அப்போ எப்பிடி வந்துச்சு? அத்தயும் எழுதுங்க. இல்லாட்டி யாரும் நம்ப மாட்டாங்க."

பதினைந்து வருஷமாக நான் செய்த ஆராய்ச்சியில் இதைவிட நேரான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. என் கணவரைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. பிரசவ ஆஸ்பத்திரியில் பார்த்த அதே மாதிரி என்னைப் பார்த்தார். ஆனால் இந்தத் தடவை, மேஜையிலிருந்த அவருடைய பெயர் அச்சடித்த சீட்டுப் புத்தகத்தை மெதுவாக என் பக்கம் நகர்த்தினார்.

"இங்க போட்ட ஊசியில வந்துச்சு" என்றேன். "ஒரே சிரிஞ்சுல அஞ்சு பேருக்குப் போட்டோம். நானும் எடுத்துக் குடுத்திருக்கேன். அதுல வந்துச்சு."

அவள் கத்தவில்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "எப்போ தெரியும் உங்களுக்கு?" என்றாள்.

இன்னும் ஒரு பொய்க்கு இடமிருந்தது. இப்போதுதான், அவர் படுத்த பிறகுதான் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். என் நாக்கு அதற்குத் தயாராகக்கூட ஆயிற்று. "இவ பொறக்கறதுக்கு முன்னாடியே" என்றேன்.

அவள் மகளைப் பார்த்தாள். குழந்தை ஊசிக்குப் பயந்து கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"எழுதுங்க" என்றாள்.

எழுதினேன். சீட்டில் இரண்டு பக்கம் வந்தது. கிளினிக்கின் பெயர், எங்கள் இருவர் பெயர், எப்படி நடந்தது, எப்போது தெரிந்தது, எல்லாம். என் கணவர் கீழே கையெழுத்துப் போட்டார். பிறகு நான் போட்டேன். படித்துக் காட்டச் சொன்னாள், படித்தேன். நாலாக மடித்துப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள்.

நான் மறுபடி குழந்தையின் கையைப் பிடித்தேன். அந்த அம்மாள் என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். முரட்டுத்தனமாக இல்லை. ரப்பர் பட்டையைத் தானே அவிழ்த்து மேஜைமேல் வைத்தாள்.

"எம் பொண்ணு ரத்தத்த வேற யார்னா எடுக்கட்டும்" என்றாள்.

குழந்தை கண்ணைத் திறந்து, ஊசி போடாமலே முடிந்துவிட்டதா என்று சந்தோஷமாக என்னைப் பார்த்தது. இருவரும் பெஞ்சைத் தாண்டி வெளியே போனார்கள். அந்த மாசமே வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். எங்கே என்று யாரும் சொல்லவில்லை. கடுதாசியைப் பற்றி எங்களிடம் யாரும் கேட்கவில்லை, கிளினிக் கண்ணாடியை யாரும் உடைக்கவும் வரவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமை காலையிலும் வழக்கம்போல் பெஞ்சு நிறைந்தது.

எத்தனையோ ஆயிரம் பேருடைய ரத்தத்தைப் பார்த்துத்தான் நான் ஓய்வு பெற்றேன். அந்தக் குழந்தைக்கு அது இருந்ததா இல்லையா என்பது மட்டும் எனக்கு இன்றுவரை தெரியாது.